லார்டு என்னும் பட்டம்

ஆங்கிலத்தில் லார்டு என்று கண்ட இடமெல்லாம் பிரபு என்று எழுதிவிடுவது நம்மவர் வழக்கம். அச்சொல் ஒரே தகுதியைக் குறிக்குமாயின் குறையில்லை. உண்மை அதுவன்று.

பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லின் உருவம் ஹ்லாஃப்வெர்டு. ரொட்டியைக் காப்பவன் என்பது பொருள். லேடி என்பவளோ மாவு பிசைபவள். தலைவனிடம் உண்டு ஊழியஞ்செய்தவனுக்கு ரொட்டி தின்பவன் என்றே பெயர். ஏறத்தாழ கி.பி. 600-இல் கெண்ட் நாட்டு மன்னன் எத்தல்பெர்ட் வகுத்த சட்டத்தில் இப்பெயர் வருகின்றது. எதற்காகவெனில், குடியானவன் ஒருவனுடைய ரொட்டி தின்பவனைக் கொன்றவன் 6 ஷில்லிங் ஈடு செலுத்த வேண்டும் என்பதற்காக! சுதந்திர மனிதனைக் கொன்றாலோ ஈடு 100 ஷில்லிங். தோட்டத்தில் செக்ரோல் எழுதிப் பழகிய நமக்கு இவ்விரு தொகைகளும் மறத்தற்கரியன.

காலப்போக்கில் ரொட்டி மறைந்தது, அதிகாரம் நின்றது. நிலத்தையும் அதிலுழைத்த குடிகளையும் ஆண்டவன் லார்டு ஆனான். கிறிஸ்தவ வேதத்தை ஆங்கிலத்தில் பெயர்த்தோர் கடவுளுக்கும் அச்சொல்லையே சூட்டினர். தமிழ் வேதத்தில் கர்த்தர் எனத் தனிச்சொல் நிற்பதால் நமக்கு அம்மயக்கம் இல்லை. உயர்நீதிமன்றத்து நீதிபதியும் லார்டு, அத்தியட்சரும் லார்டு, லண்டன் நகரத் தலைவர் லார்டு மேயர். வாடகை வாங்கும் வீட்டுக்காரரும் லேண்ட்லார்டே. ஒழுகும் கூரையைச் செப்பனிடாதபோதும் அப்பெயர் அவரை விட்டு நீங்குவதில்லை.

பிரபு வமிசத்தார்க்குள்ளேயும் பொருள் ஒன்றன்று. மார்க்குவிஸ், ஏர்ல், வைக்கவுண்ட், பாரன் ஆகிய நால்வகையினரும் பேச்சில் லார்டுகளே. டியூக்கின் இளைய குமாரர்க்கும் மரியாதைக்காக அப்பட்டம் உண்டு. பிரபுக்கள் சபையில் ஆசனம் இல்லை. 1770 முதல் 1782 வரை பிரதம மந்திரியாயிருந்த லார்டு நார்த் அக்காலத்தில் பிரபுவே அல்லர். ஏர்ல் பட்டம் பெற்ற தந்தை உயிரோடிருந்தமையால், மூத்த மகனுக்குரிய மரியாதைப் பெயரோடு காமன்ஸ் சபையில் வீற்றிருந்தார்.

நம் நாட்டவர் நன்கறிந்த கிளைவின் கதையும் இத்தகையதே. 1751-இல் ஆர்க்காட்டைப் பிடித்த அவருக்கு 1762-இல் பாரன் பட்டம் கிடைத்தது. ஆனால் அது அயர்லாந்துப் பிரபுப் பட்டம். பிரிட்டிஷ் பிரபுக்கள் சபையின் கதவு அதற்குத் திறவாது. ஆகவே ஷ்ரூஸ்பரி தொகுதியின் அங்கத்தினராகக் காமன்ஸ் சபையிலேயே இருந்தார். கர்சனோ 1898-இல் அயர்லாந்துப் பட்டத்தையே விரும்பிப் பெற்றார். இந்தியாவில் ராஜப்பிரதிநிதி உத்தியோகம் முடிந்து திரும்பினால் காமன்ஸ் சபைக்குப் போக வழி இருக்கட்டும் என்னும் முன்யோசனை!

1958-இல் இயற்றப்பட்ட சட்டம் ஆயுட்காலப் பிரபுக்களை ஏற்படுத்தியது. அப்பட்டம் மகனுக்குச் செல்லாது. பெண்களும் அதனால் சபைக்குள் நுழைந்தனர். 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பரம்பரைப் பிரபுக்களில் 92 பேர் நீங்கலாக ஏனையோர் தம் ஆசனங்களை இழந்தனர். லார்டு என்னும் பெயரை மட்டும் அவர்களிடமிருந்து எவரும் வாங்கிக்கொள்ளவில்லை.