படுதா, சாக்கு, வெற்றுவெளி: அமெச்சூர் மேடையின் செலவுக் கணக்கு

மேடையமைப்பு என்று பேச்சு வந்தாலே நம் நாடகக்காரர்களிடம் ஒரு சமாதானம் தயாராக இருக்கும்: 'கையில் காசில்லை, அதனால் இப்படி.' காசில்லாதது உண்மைதான். ஆனால் காசில்லாதபோது எதை விட்டுவிடுகிறோம், எதைக் கடன் பட்டாவது வாங்குகிறோம் என்பதில் ஓர் அரசியல் இருக்கிறது. அமெச்சூர் அரங்கின் வரலாற்றை இந்தக் கணக்கின் வழியாகவும் வாசிக்கலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பார்ஸி கம்பெனிகள் ஊர் ஊராகக் கொண்டுபோன படுதாக்களிலிருந்து தொடங்குவோம். தெரு, காடு, தர்பார், நந்தவனம் என்று சில படுதாக்கள். எந்தக் கதையும் அவற்றுக்குள் அடங்கிவிடும். அரிச்சந்திரன் நடந்த தெருவிலேயே கோவலனும் நடப்பான். பார்க்கப் பகட்டாக இருந்தாலும் அடிப்படையில் இது ஒரு சிக்கன ஏற்பாடு. ஒருமுறை எழுதிய துணியைச் சுருட்டி ரயிலேற்றினால் வருஷக்கணக்கில் உழைக்கும். 1891இல் பம்மல் சம்பந்த முதலியாரும் நண்பர்களும் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கியபோது, படித்தவர்கள் மேடையேறுவது கௌரவக் குறைவல்ல என்று நிறுவ வேண்டியிருந்தது. படுதா மேடை என்கிற சட்டகமோ அப்படியே தொடர்ந்தது. தென்மாவட்டங்களின் ஸ்பெஷல் நாடகத்தில் 'சீன்' வாடகைக்கு வருகிறது. வருவது துணி மட்டுமா? உலகம் இப்படித்தான் இருக்கும் என்கிற முன்முடிவும் கூடவே வருகிறது. ராஜாவுக்குத் தர்பார் தயார். பட்டினியால் நகரத்துக்கு ஓடிவரும் குடியானவனை எந்தத் துணிக்கு முன்னால் நிறுத்துவது?

இக்கேள்விக்கு ஒரு பதில் வங்காளத்தில் கிடைத்தது. 1943 பஞ்சத்தில் 30 லட்சம் பேர் வரை மாண்டதாக மதிப்பிடுகிறார்கள். மறு வருஷம் இப்டா எனப்படும் இந்திய மக்கள் நாடக மன்றம் பிஜன் பட்டாச்சார்யாவின் 'நபான்ன'வைக் கல்கத்தாவில் மேடையேற்றியது. இயக்கியவர்கள் பிஜனும் சம்பு மித்ராவும். தீட்டிய காட்சிகளுக்குப் பதிலாகப் பின்னால் தொங்கியது சாக்குத்துணி. சணல் வங்காளத்தில் விளைவது, மலிவானது. மலிவோடு விஷயம் முடியவில்லை. அரிசி ஊரைவிட்டுப் போனது சாக்கில்தான், பதுங்கியதும் சாக்கில்தான். பார்வையாளனுக்கு எதிரே தொங்கியது பஞ்சத்தின் சாட்சிப்பொருள். சிக்கனமே அங்கே அர்த்தமாகிவிட்டது.

பாதல் சர்க்கார் இன்னும் ஒரு படி போனார். தொழிலால் அவர் நகரத் திட்டமிடுபவர், கணக்குப் பார்க்கத் தெரிந்தவர். செட்டும் விளக்கும் இருந்தால் அரங்க வாடகை வேண்டும், வாடகைக்கு டிக்கெட் வேண்டும், டிக்கெட் வாங்க முடிந்தவனுக்கே நாடகம். கடைசியில் அவன் ரசனையே நாடகத்தை எழுதும். இந்தச் சங்கிலியை அவர் முதல் கண்ணியிலேயே அறுத்தார். 1967இல் தொடங்கிய அவரது 'சதாப்தி' குழு, 1972இல் 'ஸ்பார்ட்டகஸ்' நாடகத்தை ஓர் அறைக்குள், பார்வையாளர் நடுவிலேயே நிகழ்த்தியது. நடிகர்களின் உடல்களே செட்டாயின. வளைந்துகொடுப்பது, தூக்கிச்செல்லத்தக்கது, செலவு குறைந்தது என்று மூன்றாவது அரங்குக்கு அவர் சொன்ன மூன்று குணங்களில் எதுவும் அலங்காரம் பற்றியதல்ல.

1980இல் சென்னையை அடுத்த சோழமண்டலத்தில் அவர் நடத்திய பட்டறை நம் நவீன நாடகக்காரர்களைப் பலமாகவே உலுக்கியது. கூத்துப்பட்டறையும் (1977) பரீக்ஷாவும் (1978) அதற்கு முன்பே தொடங்கியவை. சோபா செட்டும் டெலிபோனும் வைத்த சபா மேடையிலிருந்து விலகும் வேகம் இங்கே ஏற்கெனவே இருந்தது. பின்னால் வந்தது வேறு சிக்கல். வெறும் மேடையே ஒரு பாணியாகிவிட்டது. 1984இல் சங்கீத நாடக அகாதெமி இளம் இயக்குநர்களுக்கு உதவித்தொகைத் திட்டம் தொடங்கியபின், மானியத்துக்காக நாட்டார் கூறுகள் ஒட்டவைக்கப்படுகின்றன என்ற விமர்சனம் எழுந்தது. தெருக்கூத்தில் இரண்டு பேர் பிடிக்கும் திரைக்குப் பின்னாலிருந்து வேஷம் வெளிப்படும்போது ஊரே நிமிர்ந்து உட்கார்கிறது. அந்தத் திரையை வாங்கிவந்து ஏசி அரங்கில் 'மரபு' என்று பிடித்தால் அதுவும் இன்னொரு வாடகைப் படுதாதான். கறுப்புத் துணியும் ஒற்றை ஸ்டூலும்கூட அப்படி ஆகக்கூடும்.

ஆகவே ஒரு குழு செட்டுக்கு எத்தனை ரூபாய் செலவழித்தது என்று மட்டும் கேட்டுப் பயனில்லை. மிச்சம் பிடித்த காசு யாரை உள்ளே கொண்டுவந்தது என்று கேட்க வேண்டும். வழக்கமான ஐம்பது நண்பர்களே முன்வரிசையில் உட்கார்ந்திருந்தால், அந்த வெறுமை யாருக்காக?