கள்ளுக்கடையை மூடப் பிறந்த வரி

ஜலகண்டாபுரத்தில் மளிகைக் கடைக்குச் சென்று சோப்போ பற்பசையோ வாங்குகிறவர், கடைக்காரர் தரும் ரசீதின் அடியில் அச்சாகியிருக்கும் வரித்தொகையை நின்று படிப்பதில்லை. படித்தாலும், அந்த வரியின் மூதாதை தம்முடைய சேலம் மாவட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடியதால் பிறந்தது என்பதை அவர் அறிந்திருக்க வாய்ப்புக் குறைவு. போர்க்களங்களுக்கு நம் வரலாற்று நூல்கள் தருகிற இடத்தைக் கடைவீதிக்குத் தருவதில்லை.

1937 ஜூலையில் ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமரானார். அன்று முதலமைச்சரை அப்படித்தான் அழைத்தார்கள். அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் மாவட்டங்களையும் உள்ளடக்கிய பெருநிலப்பரப்பு அது. சேலம் தற்செயலாகத் தேர்ந்தெடுக்கப்பட்டதன்று. ராஜாஜி அங்கே வழக்குரைஞராகத் தொழில் செய்தவர். அந்நகராட்சியின் தலைவராக இருந்தவர். 1925ல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் அமைத்தவர். 1929ல் மதுவிலக்குக்கென்றே ‘விமோசனம்’ என்னும் இதழை அங்கிருந்து தொடங்கினார். கல்கி அவ்விதழில் பணியாற்றினார். கூலி கைக்கு வந்த மாலையே அது கள்ளுக்கடைக்குப் போய்விடுவதை அவர்கள் ஏட்டில் படித்து அறியவில்லை. அந்த ஊர்களிலேயே இருந்து கண்டவர்கள்.

மதுவின் தீமை குறித்து வாதிடுவது எளிது. அரசின் கணக்கேட்டுக்குப் பதில் சொல்வதுதான் கடினம். கள்ளுக்கடை ஏலத்தில் பணம், கள் இறக்கும் மரத்துக்கு மரவரி, சாராயத்துக்குத் தீர்வை எனச் சேர்ந்த தொகை, மாகாண வருவாயில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கு. 1938ல் சித்தூர், கடப்பை, 1939ல் வடஆர்க்காடு என மதுவிலக்கு விரிய விரிய, அந்த அளவுக்குக் கருவூலத்தில் பள்ளம் விழுந்தது.

இக்கேள்வியைச் சந்தித்த முதல் ஆட்சியாளர் ராஜாஜி அல்லர். அலாவுத்தீன் கில்ஜி டெல்லியில் மதுவைத் தடுத்தபோது, மது விற்போரிடமிருந்து வந்த பெருவருவாயைப் பதிவேட்டிலிருந்தே நீக்கச் செய்தார் என்று ஜியாவுத்தீன் பரனீ எழுதுகிறார். (அதே சுல்தான் விளைச்சலில் பாதியை நிலவரியாகக் கேட்டதையும் பரனீ எழுதியிருக்கிறார், இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.) சேலத்துக்கு இன்னும் அண்மையான முன்னோடியும் உண்டு. 1792ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி கும்பினியிடம் போகும் வரை பாராமகாலும் சேலமும் திப்பு சுல்தானின் ஆட்சியில் இருந்தன. திப்பு தம் நாட்டில் மது விற்பனையைத் தடை செய்தார். கள் இறக்கும் ஈச்ச மரங்களை வெட்டவும் ஆணையிட்டார். கும்பினி ஆட்சியில் கள், சாராயக் குத்தகை வருவாய் இனமாயிற்று. ஆகவே 1937ல் சேலம் கண்டதை முதல் மதுவிலக்கு என்று சொல்வோர் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளை மட்டுமே எண்ணுகிறார்கள்.

ராஜாஜி கண்ட மாற்று, விற்பனை வரி. பொருள் விற்பனைக்கு வரி விதிக்கும் அதிகாரத்தை 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் மாகாணங்களுக்குத் தந்திருந்தது. அதைக் கொண்டு 1939ல் சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம் இயற்றப்பட்டது. எல்லாப் பொருள்களையும் பொதுவாகத் தழுவிய இத்தகைய வரி இந்தியாவில் இதுவே முதன்முறை. ஆண்டு விற்பனை 20,000 ரூபாயைத் தாண்டினால் நூற்றுக்கு அரை ரூபாய் வரி. வணிகர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். கைத்தறித் துணியை மட்டுமே விற்போருக்கு விலக்களிக்கப்பட்டது. நெசவையே நம்பிய ஜலகண்டாபுரம் போன்ற ஊர்களுக்கு அவ்விலக்கின் அருமை சொல்லாமலே விளங்கும். அதே ஆண்டில் புகையிலை, பெட்ரோல் விற்பனைக்குத் தனி வரிகளும், கேளிக்கை வரியும் வந்தன.

இதில் ஒரு நியாயக் கேள்வி இருக்கிறது. கள்ளுக்கடை வருவாய் குடிப்பவன் கையிலிருந்து வந்தது. விற்பனை வரியோ குடியாதவரிடமும் வசூலானது. கள்ளைத் தொட்டறியாத நம் குடும்பங்களும், அடுத்த வீட்டுக் குடிகாரனின் மனைவியும் ஒருசேர அதைச் செலுத்தினார்கள். நம் பார்வையில் அது கொடுக்கத் தக்க விலையே. அப்பெண்ணின் அடுப்பு எரிய அண்டை வீட்டார் ரூபாய்க்கு ஒரு பைசாவுக்கும் குறைவாகத் தருவதைச் சுமை என்று சொல்ல முடியாது.

ஆனால் விலை வாங்கப்பட்ட பின் சரக்கு திரும்பப் பெறப்பட்டது. 1939 அக்டோபரில் அமைச்சரவை விலகியது. ஆளுநர் ஆட்சியில், இரண்டாம் உலகப் போர்க்காலத்திலேயே, மதுவிலக்கு நிறுத்திவைக்கப்பட்டது. விற்பனை வரி நிற்கவில்லை. 1948ல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது, 1971ல் நீக்கப்பட்டது, பின்னர் வந்தும் போயும் இருந்தது. 2003ல் சில்லறை மது விற்பனையை அரசின் டாஸ்மாக் நிறுவனமே ஏற்றது. வரி மட்டும் எல்லா ஆட்சிகளிலும் தொடர்ந்து, 2007ல் மதிப்புக்கூட்டு வரியாகப் பெயர் மாறியது.

2017 ஜூலை 1ல் சரக்கு சேவை வரி வந்தபோது சோப்பும் பற்பசையும் அதற்குள் சென்றுவிட்டன. மனிதர் அருந்தும் மது அதற்கு வெளியே, மாநிலத்தின் பழைய வரியிலேயே விடப்பட்டது. 2023-24ல் டாஸ்மாக் வழியே தமிழ்நாட்டு அரசுக்குக் கிடைத்தது 45,000 கோடி ரூபாய்க்கும் மேல். அதில் முக்கால் பங்குக்கு அதிகமானது ஆயத்தீர்வையாக வந்ததன்று. கள்ளுக்கடையை மூடுவதற்காக 1939ல் கொண்டுவந்த விற்பனை வரியின் வாரிசாகிய மதிப்புக்கூட்டு வரியாக வந்தது.