யாருக்கு, எதை: திருவாலங்காட்டுச் செப்பேடும் கொடையின் இலக்கணமும்

கொடுத்தல் என்ற வினை மூன்றில்லாமல் நிறைவதில்லை: கொடுப்பவர், கொடைப்பொருள், கொள்பவர். 1905-இல் கிடைத்த திருவாலங்காட்டுச் செப்பேடுகள் இந்த மூன்றையும் நிலைநிறுத்த 31 ஏடுகளை எடுத்துக்கொள்கின்றன. முதலாம் இராசேந்திரன் தன் 6-ஆம் ஆட்சியாண்டில், கி.பி. 1018 அளவில், பழையனூரைத் திருவாலங்காட்டு மகாதேவர்க்குத் தேவதானமாக (கோயிலுக்கு உரிய ஊராக) ஆக்கினான் என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். சமஸ்கிருதத்தில் 271 வரி, தமிழில் 524 வரி என்று அது நீள்வதைச் சோழரின் ஆடம்பரம் என்று ஒதுக்குவது எளிது. சமஸ்கிருதப் பகுதிக்கு அது பொருந்தவும் செய்யும். சூரியனில் தொடங்கும் குலவரிசையும் வெற்றிப் புகழும்தான் அதன் பெரும்பகுதி. ஆணைக்குப் பின் நடந்த கங்கைப் படையெடுப்பு அதில் பாடப்படுவதால், அது சில ஆண்டுகள் கழித்தே இயற்றப்பட்டது என்று ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். புகழுரை பின்னால் வந்து சேர்ந்தது என்றால், ஏறக்குறைய அதன் இருமடங்கு நீளும் தமிழ்ப் பகுதிக்கு வேறு காரணம் இருக்க வேண்டும். சுட்டுப்பெயர்களை நம்பி நிலம் கொடுக்க முடியாது என்பதே அந்தக் காரணம்.

பேச்சில் நாம் அவற்றை நம்பியே வாழ்கிறோம். ஸ்பானிய மொழி இதில் இன்னும் சிக்கனமானது. ‘உனக்கு அதைத் தருகிறேன்’ என்பதை ‘தே லோ தோய்’ என்று முடித்துவிடும். கொள்பவருக்கு ஓரசை, பொருளுக்கு ஓரசை, இரண்டும் வினைக்கு முன்னால் இந்த வரிசையில்தான் நிற்கும். கொள்பவர் படர்க்கையானால் ‘லே லோ’ என்று வர வேண்டியது ‘சே லோ’ ஆகிவிடும். இடைக்கால ஸ்பானியத்தில் ‘ஜெ லோ’ என்று இருந்தது பின்னர் இப்படித் திரிந்தது. இந்தச் ‘சே’ அவனுக்கு, அவளுக்கு, அவர்களுக்கு என எல்லாவற்றையும் குறிக்கும். மரியாதையாக ‘உங்களுக்கு’ என்பதற்கும் அதுவேதான். ஐயம் வந்தால் ‘ஆ எல்’, ‘ஆ உஸ்தெத்’ என்று யாருக்கு என்பதைப் பின்னால் சேர்த்துத் தெளிவாக்குவார்கள். தமிழ் வேறு வழியில் போனது. தன்மைக்கும் முன்னிலைக்கும் தருதல், படர்க்கைக்குக் கொடுத்தல் என்று தொல்காப்பியம் வகுத்ததால், வினையே கொள்பவரின் திசையைக் காட்டியது. ஆனால் படர்க்கையில் பலர் இருந்தால் அவருள் யார் என்பதை அந்த வினையும் சொல்லாது. இரு மொழிகளும் தடுமாறுவது ஒரே இடத்தில்தான்.

திருவாலங்காட்டு ஆணையின் சிக்கலும் அதுவே. கொடுப்பவன் அரசன். ஆணை போவதோ நாட்டார்க்கும் பிற ஊரார்க்கும். கொடையைக் கொள்பவர் மகாதேவர். பழையனூர் அதுவரை சிங்களாந்தகச் சதுர்வேதிமங்கலத்துச் சபையின் பிரமதேயமாக, அதாவது பிராமணர்க்கு விடப்பட்ட ஊராக, இருந்தது. அந்த நிலையை நீக்கி, வெள்ளான்வகையாக (வேளாளர் ஊராக) மாற்றிய பிறகே இறைவனுக்குத் தேவதானமாக்க முடிந்தது. கேட்பவர், இழப்பவர், பெறுபவர் என மூவர் இருக்கும் இடத்தில் ‘அவர்களுக்கு அதைக் கொடுத்தோம்’ என்று எழுதினால், பழைய சபையே மறுநாள் அந்த ஓலையோடு வந்து நிற்கலாம். ‘அதை’ என்பதும் அப்படித்தான்: எந்த ஏரி, எந்தக் கால்வாய், எந்த ஊரின் எல்லை வரை? ஆகவே நாடு, ஊர், நாற்புற எல்லை, விலக்கப்பட்ட வரிகள் என ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எழுதினார்கள்.

எழுத்தறியாதார் மிகுந்த காலத்தில் இவ்வளவு சொற்கள் யாருக்கு என்று கேட்கலாம். அந்தக் கேள்வியைச் சோழ அதிகாரிகளும் அறிந்திருந்தார்கள். அதனால்தான் பிடியானையை எல்லை சுற்றி நடத்தி, கல்லும் கள்ளியும் நட்டு, பிறகு அறவோலை எழுதினார்கள். கண்ணால் கண்டவரின் சாட்சி முதலில், ஏடு அதற்கு அடுத்து. இன்னொரு மறுப்பு இதைவிட வலியது. பழையனூர் வாய்ச்சொல்லுக்குப் பேர்போன ஊர். வணிகனுக்குக் கொடுத்த வாக்குக்காக வேளாளர் எழுபதுபேர் உயிர்விட்டதாகச் சொல்லும் நீலி கதை அந்த ஊருடையது. அங்கே செப்பேடு எதற்கு? கதையில் வாக்குக் கொடுத்தவரும் பெற்றவனும் நேருக்கு நேர் நின்றார்கள். ‘உனக்கு’ என்றால் போதும். நிலக்கொடையோ சந்திர சூரியர் உள்ளவரை என்று எழுதப்படுவது. அன்று அங்கே நின்ற எவரும் அவ்வளவு காலம் இருக்க மாட்டார்கள்.

ஏட்டின் இந்தச் சொற்கள் வெறும் வாய்பாடு, எழுதுவோர் கைப்பழக்கம் என்பாரும் உண்டு. வாய்பாடுதான். நாகப்பட்டினத்துச் சூளாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் கொடுக்கப்பட்ட செப்பேட்டிலும் அதே நடைமுறை, ஏறக்குறைய அதே சொற்கள். அங்கே கொண்டது பௌத்தப் பள்ளி, இங்கே சிவன் கோயில். சுற்றியுள்ள சொற்கள் மாறாதிருப்பதால்தான் மாறும் இரண்டு இடங்கள், யாருக்கு என்பதும் எது என்பதும், பளிச்சென்று தெரிகின்றன. போலி ஆவணமும் அங்கேதான் பிடிபடும். திருவாலங்காடு இருக்கும் திருவள்ளூர் மாவட்டத்தில் இன்று எழுதப்படும் கிரயப் பத்திரத்திலும் எழுதிக் கொடுப்பவர், எழுதி வாங்குபவர், செக்குபந்தி (நாற்புற எல்லை) ஆகிய மூன்றும் சலிப்பூட்டும் அளவுக்கு முழுமையாக எழுதப்படுகின்றன. அந்தச் சலிப்பைச் சுருக்கினால் மிச்சமாவது சில வரிகள். தொலைவது நிலமாக இருக்கலாம்.