டீசல் எரிபொருள் வடிகட்டி

டீசல் எரிபொருள் வடிகட்டி என்பது டீசலில் கலந்துள்ள நீரையும், தூசு, துரு முதலிய திண்மத் துகள்களையும், அவை பொறியின் உயரழுத்த எக்கியையும் உட்செலுத்திகளையும் அடையும் முன்னரே பிரித்தெடுக்கும் உறுப்பு ஆகும். சரக்குந்துகளில் (லாரிகளில்) பொதுவாக இரண்டு வடிகட்டிகள் அடுத்தடுத்துப் பொருத்தப்படுகின்றன.

தேவை

பெரும்பாலான டீசல் பொறிகளில் உயரழுத்த எக்கிக்கும் உட்செலுத்திகளுக்கும் டீசலே உயவுப்பொருளாகவும் பயன்படுகிறது. இவற்றில் உரசி இயங்கும் பாகங்களுக்கு இடையேயுள்ள இடைவெளி சில மைக்ரோமீட்டர் மட்டுமே. மனிதத் தலைமுடியின் தடிமனோ ஏறத்தாழ 70 மைக்ரோமீட்டர். எனவே கண்ணுக்குப் புலப்படாத துகள்களும் இப்பாகங்களைத் தேய்த்துவிடும். பார்வைக்குத் தெளிவாக உள்ள டீசல் தூயது என்று கொள்ள இயலாது. 1995 ஆம் ஆண்டு ஜப்பானில் ஹினோ சரக்குந்தில் அறிமுகமான காமன் ரெயில் முறை பின்னர் உலகெங்கும் பரவியது. இம்முறையில் அழுத்தம் இன்று 2,000 பாரையும் தாண்டுவதால் தூய்மையின் தேவை மேலும் கூடியுள்ளது.

மாசு சேரும் வழிகள்

* தொட்டியில் டீசல் குறையும்போது ஈரக்காற்று உள்ளே புகுகிறது. இரவில் தொட்டி குளிரும்போது அதிலுள்ள நீராவி நீர்த்துளிகளாகப் படிகிறது.
* டீசலை விட அடர்த்தி மிகுந்த நீர் அடியில் தங்கித் துருவை உண்டாக்குகிறது.
* நீரும் டீசலும் சந்திக்கும் பரப்பில் பாக்டீரியாக்களும் அமோர்ஃபோதீக்கா ரெசினே போன்ற பூஞ்சைகளும் வளர்கின்றன. இவை உண்டாக்கும் வழவழப்பான கசடு வடிகட்டியை அடைத்துவிடும்.

செயல்படும் முறை

தொட்டிக்கு அடுத்துள்ள முதல்நிலை வடிகட்டி பெரிய துகள்களைத் தடுக்கிறது. இதனுடன் இணைந்த நீர் பிரிப்பானில் நுண்ணிய நீர்த்துளிகள் ஒன்றுசேர்ந்து பெரிதாகி, அடியிலுள்ள கிண்ணத்தில் தங்குகின்றன. இரண்டாம்நிலை வடிகட்டி சில மைக்ரோமீட்டர் அளவுள்ள துகள்களையும் பிடிக்கிறது. டீசலில் முற்றிலும் கரைந்துள்ள நீரை நீர் பிரிப்பானால் நீக்க இயலாது. உயிரி டீசல் கலந்த எரிபொருள் கூடுதல் நீரை ஏற்பதால் பிரித்தல் மேலும் கடினமாகிறது.

பராமரிப்பு

கிண்ணத்தில் சேரும் நீரை அடியிலுள்ள திருகைத் திறந்து முறையாக வெளியேற்ற வேண்டும். கிண்ணம் நிரம்பிவிட்டால் நீர் டீசலுடன் எக்கிக்குச் சென்றுவிடும். பணி முடிந்ததும் தொட்டியை நிரப்பி வைப்பது ஈரக்காற்று தங்கும் இடத்தைக் குறைக்கும்.

புதிய இரண்டாம்நிலை வடிகட்டியைப் பொருத்தும் முன் அதில் டீசலை ஊற்றி நிரப்புவது பரவலாகக் காணப்படும் பழக்கமாகும். வடிகட்டியின் தூய பக்கத்தில் ஊற்றப்படும் டீசல் வடிகட்டப்படாமலே எக்கியை அடைவதால் இது தீங்கானது. மாறாக, கையெக்கி அல்லது மின் எக்கியைக் கொண்டு நிரப்புதல் வேண்டும்.

தவறுதலாகப் பெட்ரோலோ, புகைபோக்கியில் நச்சு வாயுவைக் குறைக்கப் பயன்படும் யூரியாக் கரைசலோ டீசல் தொட்டியில் ஊற்றப்பட்டால் வடிகட்டியால் பாதுகாக்க இயலாது. பெட்ரோல் உயவுத்தன்மையைக் குறைக்கும். யூரியாக் கரைசல் உலோகத்தை அரித்துப் படிகங்களாகப் படியும். அந்நிலையில் பொறியை இயக்காமலும், மின் எக்கி இயங்கிவிடாதபடி சாவியைத் திருப்பாமலும் தொட்டியைக் காலி செய்து தூய்மைப்படுத்த வேண்டும். பொறியை ஒருமுறை இயக்கிவிட்டால் மாசு எக்கி முதல் உட்செலுத்தி வரை பரவி, அமைப்பு முழுவதையும் மாற்ற நேரிடலாம்.

இவற்றையும் பார்க்க

* டீசல் பொறி
* உயிரி டீசல்
* உயவுப்பொருள்