என் மெஷினில் சரியாகத்தான் ஓடுகிறது

2004இல் சென்னையில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டராகச் சேர்ந்தேன். முதல் நாள் ஒரு எக்ஸெல் கோப்பைத் திறந்து காட்டினார்கள். அதுவரை கண்ட பிழைகள் எல்லாம் அதில் வரிசையாக இருந்தன. சிவப்பு என்றால் பாக்கி, பச்சை என்றால் முடிந்தது. மஞ்சளுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. மஞ்சள் பூசியவர் வேலையை விட்டுப் போயிருந்தார். போதாததற்கு அந்தக் கோப்பு மூன்று பேரிடம் மூன்று விதமாக இருந்தது. சில மாதம் கழித்து பக்ஸில்லா வந்தது. இலவசம் என்பதைத் தவிர அதைத் தேர்ந்தெடுக்க வேறு காரணம் எதையும் யாரும் சொன்னதாக நினைவில்லை.

அதில் நான் பதிந்தவற்றில் ஒன்றின் எண் மட்டும் இன்னும் மறக்கவில்லை: 412. கடைகளுக்கான பில் போடும் மென்பொருள் அது. ‘சேமி’ பொத்தானை அடுத்தடுத்து இரண்டு தடவை தட்டினால் ஒரே பில் இரண்டு எண்களில் ஏறிவிடும். எப்போதும் இல்லை, நெட்வொர்க் இழுக்கும்போது மட்டும். இரண்டே நாளில் அதை மூடிவிட்டார்கள். நிலை: ‘வொர்க்ஸ் ஃபார் மீ’. எழுதியவரிடம் போய் நின்றேன்.

“என் மெஷின்ல சரியாத்தாம்பா ஓடுது. நீயே தட்டிப் பாரு.”

தட்டினேன். ஓடியது. சர்வர் அவர் மேஜைக்கு அடியில்தான் இருந்தது. ஓடாமல் என்ன செய்யும்? மூடியதை மறுபடி திறக்கும் உரிமை எனக்கு இருந்தது. திறக்கவில்லை. சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாதவன், அவரோ என்னைவிட எட்டு வருடம் மூத்தவர்.

கணினிப் பிழையின் வரலாற்றைச் சொல்லும் யாரும் ஒரு அந்துப்பூச்சியில்தான் தொடங்குவார்கள். 1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டின் மார்க் 2 கணினியில் ஒரு ரிலேக்குள் பூச்சி சிக்கியிருந்தது. அதை எடுத்துப் பதிவேட்டில் ஒட்டி, பக் ஒன்று நிஜமாகவே அகப்பட்டது இதுவே முதல் முறை என்று பக்கத்தில் எழுதிவைத்தார்கள். வேடிக்கையாக எழுதிய குறிப்பு. அந்தச் சொல் முன்பே புழக்கத்தில் இருந்ததால்தான் அது வேடிக்கை. எடிசன் 1878லேயே ஒரு கடிதத்தில் கருவிகளின் கோளாறுகளை அப்படிக் குறிப்பிட்டிருக்கிறார். கிரேஸ் ஹாப்பர் இந்தக் கதையைப் பல மேடைகளில் சொன்னதால் பூச்சியைப் பிடித்தவரும் அவரே என்று ஆகிவிட்டது. எனக்கென்னவோ பூச்சியைவிட அதை ஒட்டிய நோட்டுதான் முக்கியம். பிழை நடந்தது, இன்ன நாளில், இன்ன இடத்தில், இதோ ஆதாரம் என்று எழுதிவைத்த அந்த வழக்கம். அந்த நோட்டு இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அதே நோட்டை எல்லோருக்கும் திறந்துவைத்தது 1998இல். நெட்ஸ்கேப் தன் உலாவியின் மூலநிரலை அந்த ஆண்டு மார்ச் 31 அன்று வெளியிட்டது. நிரலை வெளியிட்டால் போதுமா? நிறுவனத்துக்குள் பயன்படுத்திய பிழைப்பதிவு முறை வெளியாட்களுக்கு உதவாது. டெர்ரி வெய்ஸ்மன் அதற்கு மாற்றாக ஒன்றை முதலில் டிக்கிள் மொழியில் எழுதினார். பிறகு, பெர்ல் தெரிந்தவர்கள் அதிகம், அவர்களும் கை கொடுப்பார்கள் என்று பெர்லுக்கு மாற்றினார். அதுதான் பக்ஸில்லா. யார் வேண்டுமானாலும் கணக்குத் தொடங்கிப் பிழையைப் பதியலாம். பாதுகாப்புப் பிழைகள் தவிர மற்றவற்றை யாரும் படிக்கலாம். ஒரு வணிக நிறுவனத்தின் குறைகள் அப்படி ஊர் பார்க்கக் கிடந்தது அன்றைக்குச் சாதாரண விஷயம் இல்லை.

நிரலைவிட அது பரப்பிய சொற்கள்தான் நீடித்தன என்பது என் எண்ணம். ஒரு பிழையை மூடும்போது எப்படி மூடினோம் என்று சொல்லியாக வேண்டும். சரிசெய்தாயிற்று, இது பிழையே இல்லை, ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது, என்னிடம் சரியாக ஓடுகிறது. இவை போக இன்னொன்று, ‘வோண்ட்ஃபிக்ஸ்’: பிழைதான், ஆனால் திருத்தப் போவதில்லை. அந்தக் கடைசிச் சொல்லைக் கண்டு அமெரிக்கர்கள் எரிச்சல்பட்டிருக்கலாம். இலக்கணம் படித்த நமக்கு அது புதிதல்ல. வழு, வழாநிலை என்று இரண்டோடு நம் இலக்கணிகள் நிற்கவில்லை, வழுவமைதி என்று மூன்றாவது ஒன்றையும் வைத்தார்கள். பசுவைப் பார்த்து ‘என் அம்மை வந்தாள்’ என்றால் திணை வழு. ஆனால் பாசத்தால் சொன்னது, ஆகவே அமையும். நம் கணித்தமிழ் ஆட்கள் பக் என்பதற்கு வழு என்று பெயர் வைத்தபோது இதையும் நினைத்தார்களோ என்னவோ. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. இலக்கணி அமைதிக்குக் காரணம் சொல்வார். எங்கள் ஆபீசில் யாரும் சொன்னதில்லை.

‘என்னிடம் சரியாக ஓடுகிறது’ என்பதற்கு ஒரு கொடிய முன்கதை இருக்கிறது. தெராக் 25 என்பது கனடாவின் அணுசக்தி நிறுவனம் செய்த புற்றுநோய்க் கதிர்வீச்சு இயந்திரம். 1985 முதல் 1987 வரை அது ஆறு பேருக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சைச் செலுத்தியது. 1986 மார்ச்சில் டெக்சாஸின் டைலர் நகரில் ஒரு நோயாளிக்கு இது நடந்தபோது திரையில் ‘மால்ஃபங்ஷன் 54’ என்று மட்டும் வந்தது. நிறுவனத்தின் பொறியாளர்கள் சோதித்தார்கள், அவர்களால் அதை வரவழைக்க முடியவில்லை. இப்படி வேறெங்கும் நடந்ததாகத் தங்களுக்குத் தெரியாது என்றார்கள். ஜார்ஜியா, ஒன்டாரியோ, வாஷிங்டன் மாநிலம் ஆகிய மூன்று இடங்களில் அதற்கு முன்பே நடந்திருந்தது. ஏப்ரல் 7 அன்று இயந்திரம் மறுபடி வேலைக்கு வந்தது. 11ஆம் தேதி இன்னொருவர். டைலரில் பாதிக்கப்பட்ட இருவரும் அந்த ஆண்டே இறந்தார்கள்.

பிழையை வரவழைத்தவர்கள் அந்த மருத்துவமனையின் இயற்பியலாளர் ஃபிரிட்ஸ் ஹேகரும் இயந்திரத்தை இயக்கிய பெண்ணும்தான். எலெக்ட்ரான் என்பதற்குப் பதில் எக்ஸ்ரே என்று அடித்துவிட்டு, மேலே போய்த் திருத்தி, எட்டு நொடிக்குள் கீழே வந்துவிட்டால் இயந்திரத்தின் ஒரு பகுதி அந்தத் திருத்தத்தைக் கவனிக்காது. வேலையில் கை பழகியவருக்குத்தான் அந்த வேகம் வரும். சோதிக்க வந்தவர்கள் நிதானமாக அடித்திருக்க வேண்டும். பழைய மாடல்களில் இருந்த வன்பொருள் தடுப்புகளை நீக்கியது உட்பட இதற்குக் காரணங்கள் பல. நான்சி லெவிசனும் கிளார்க் டர்னரும் 1993இல் எழுதிய கட்டுரை எல்லாவற்றையும் சொல்கிறது. நான் அதைப் படித்தது 412க்குப் பிறகு. முன்பே படித்திருந்தால் மறுபடி திறந்திருப்பேனா என்று பல தடவை கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இப்போது பெரும்பாலான அலுவலகங்களில் ஜிரா. 2002இல் ஆஸ்திரேலியாவின் அட்லாசியன் கொண்டுவந்தது. அவர்களும் முதலில் பக்ஸில்லாதான் பயன்படுத்தினார்கள். அதற்கு காட்ஸில்லாவின் ஜப்பானியப் பெயரான கொஜிரா என்று பட்டப்பெயர் வைத்து, பிறகு தலையை வெட்டித் தங்கள் சரக்குக்குச் சூட்டிவிட்டார்கள். அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

எங்கள் மென்பொருள் வெளியூரில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் ஓடியது. ஏழெட்டு மாதம் கழித்து வாடிக்கையாளரிடமிருந்து புகார் வந்தது: சில பில்கள் இரட்டையாக இருக்கின்றன, சரக்கும் கணக்கும் உதைக்கின்றன. பில் போடும் அம்மா வேண்டுமென்றே செய்கிறார் என்று முதலாளி நினைத்து, இரண்டு மாதச் சம்பளத்தில் பிடித்திருக்கிறார். இதை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்த சப்போர்ட் பையன் கேன்டீனில் சொன்னான். அந்த அம்மா அவனிடம், “நான் ஒரு தடவதான் தட்டுனேன் தம்பி, அது போகல, அதான் மறுபடியும் தட்டுனேன்” என்றாராம். நான் டீயை அப்படியே வைத்துவிட்டு என் இடத்துக்கு வந்துவிட்டேன்.

இந்தத் தடவை ஒரே நாளில் சரிசெய்தார்கள். பொத்தானை ஒரு முறை தட்டியதும் அது செயலிழந்துவிடும், அவ்வளவுதான். நான்கு வரி நிரல். பிடித்த சம்பளத்தை அந்த அம்மாவுக்குத் திருப்பிக் கொடுத்தார்களா என்பதற்குப் பக்ஸில்லாவில் கட்டம் கிடையாது. சப்போர்ட் பையனும் அதற்குள் வேறு இடத்துக்குப் போய்விட்டான்.

வாடிக்கையாளரின் புகாரைப் புது எண்ணில் பதிந்திருந்தார்கள், 1097. அன்று மாலை 412ஐத் திறந்து பார்த்தேன். யாரோ அதன் நிலையை மாற்றியிருந்தார்கள். ‘டூப்ளிகேட்’, 1097இன் நகல்.