தலையெழுத்தும் தலையோடும்

"எல்லாம் தலையெழுத்து!" தறி நின்றாலும் இதே சொல், கடன் கழுத்தை நெரித்தாலும் இதே சொல், சாலையிலே இளைஞன் அடிபட்டு வீழ்ந்தாலும் இதே சொல்! காஞ்சி வட்டாரத்து முசரவாக்கத்திலே மட்டுமன்று, தமிழ் வழங்கும் ஊரெல்லாம் கேட்கும் ஒப்பாரி இது. மண்டையோட்டிலே நெளிந்தோடும் கோடுகளைக் காட்டி, "இதோ, பிரமன் எழுதிய எழுத்து!" என்றனர் பழமையாளர். அதைப் படித்துக் காட்டியவர் ஒருவரேனும் உண்டோ? இல்லை. ஆராய்ந்து பார்த்தவர்களோ உண்டு.

அவர்கள் கண்டது என்ன? அவை எழுத்தல்ல, எலும்புகளின் பொருத்துவாய்கள். மூளையைக் காக்கும் பெட்டகம் 8 எலும்புகளால் ஆனது. பட்டுச் சேலையின் உடலையும் கரையையும் பிணைக்கும் கோர்வையை நம் நெசவாளத் தோழர்கள் அறிவார்கள். அதுபோலவே எலும்பின் விளிம்புகளும் ஒன்றோடொன்று கோத்து நிற்கின்றன. பிறக்கும்போதே அவை இறுகிவிட்டால், வளரும் மூளைக்கு இடமேது? குழந்தையின் உச்சிக்குழி அதற்காகவே. விதி எழுதிய இடமன்று அது; வளர்ச்சிக்கு விட்ட இடம்!

ஓட்டின் உள்ளே மூன்று உறைகள். புற உறைக்கு டியூரா மேட்டர், அதாவது 'வன்மையான தாய்' என்று பெயர். 'மூளையின் தாய்' என்று அரபு மருத்துவர்கள் அழைத்ததே இலத்தீனில் இவ்வாறு ஆயிற்று. உள்ளுறைகள் இரண்டுக்கும் இடையே தெளிந்த நீர் ஓடுகிறது. நெடுங்காலம் அதைச் சரிவரக் கண்டாரில்லை. காரணம், பிணத்தின் தலையைத் துண்டித்த பிறகே ஆராய்ந்தனர், நீர் வடிந்துவிட்டது! 1764இல் நேப்பிள்சு நகர மருத்துவர் தொமெனிகோ கொத்துன்யோ, தலையைத் துண்டிக்காமல் ஆராய்ந்து அந்நீரை விளக்கினார். பழைய வழக்கத்தை மாற்றினார். மறைந்திருந்த உண்மை வெளிப்பட்டது!

அந்நீர் ஏறத்தாழ 150 மில்லி லிட்டர்தான். ஆயினும் 1400 கிராம் மூளை அதிலே மிதப்பதால், 50 கிராம் அளவே கனக்கிறது. 33 முள்ளெலும்புகளாலான முதுகெலும்பின் உள்ளே தண்டுவடத்தையும் அதே நீர் சூழ்ந்து காக்கிறது. வளர்ந்தோருக்குத் தண்டுவடம் இடுப்பின் மேற்பகுதியிலேயே முடிந்துவிடும். அதற்குக் கீழே ஊசி செலுத்தி நீரெடுக்கும் முறையை 1891இல் செர்மானியர் குவிங்கே வகுத்தார். மூளைக்காய்ச்சலை அறிய இன்றும் அதுவே துணை. 1885இல் ஏர்லிக் என்பார் விலங்கின் குருதியிலே சாயம் செலுத்தினார். மற்ற உறுப்புகள் நிறமேற, மூளை மட்டும் வெளுத்தே இருந்தது! குருதியில் வரும் நஞ்சு பலவற்றைத் தடுக்கும் நுண்ணிய வேலி ஒன்று அங்கே உண்டெனப் பின்வந்தோர் தெளிந்தனர்.

நம் நாடும் பின்தங்கி நிற்கவில்லை. 1949இல் வேலூரில் சேக்கப் சாண்டி, 1950இல் சென்னைப் பொது மருத்துவமனையில் பி. இராமமூர்த்தி ஆகியோர் மூளை அறுவை மருத்துவத்தைத் தொடங்கினர். 1968இல் டி. எஸ். கனகா அத்துறையிலே பட்டம் பெற்று, "பெண்ணால் ஆகுமோ?" என்றோரின் வாயை அடைத்தார்.

இத்தனை காவல் இருந்தும் ஓர் எல்லை உண்டு. இயற்கை அமைத்த காவல் மோட்டார் வேகத்திற்கு அமைந்ததன்று. வண்டி மோதி நின்றாலும், உள்ளே மூளை ஓடிச்சென்று எலும்பிலே மோதுகிறது. 1935இல் மோட்டார் சைக்கிளிலிருந்து வீழ்ந்த 'அராபிய லாரன்சு' ஆறு நாட்களில் மாண்டார். அவரைக் கவனித்த மருத்துவருள் ஒருவரான கெயின்சு, "விதி" என்று பெருமூச்சு விடவில்லை. ஆராய்ந்தார், தலைக்கவசம் உயிர் காக்கும் என 1941இல் எழுதினார். நம் நாட்டின் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமும் அதையே கட்டளையிடுகிறது.

ஆயினும் தலைக்கவசத்தை வண்டியிலே தொங்கவிட்டு, கைப்பிடியிலே எலுமிச்சம்பழம் கட்டிப் பறக்கிறோம்! எலும்பும் உறையும் நீரும் இயற்கை தந்த மூன்று காவல்கள். நான்காவது காவல் பகுத்தறிவு. அதை அணிவதும் அணியாததும் நம் கையில். தலையிலே எழுத்தில்லை, இளைஞர்களே! தலையின் உள்ளே அறிவு உண்டு, அதைக் காப்போம்!