திருமுக்கூடல் முதல் கண் ஊசி வரை

உத்திரமேரூருக்கு வடக்கே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. 11ஆம் நூற்றாண்டில் பெருமாள் கோயிலைச் சார்ந்து நடந்த 15 படுக்கை ஆதுலசாலையின், அதாவது மருத்துவமனையின், செலவுத் திட்டம் அதில் இருக்கிறது. மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். சல்லியக்கிரியை, அதாவது அறுவை சிகிச்சை, பண்ணுபவருக்கு 30 கலம். இருப்பில் வைக்கவேண்டிய மருந்துகளில் விமலை, சுனேத்ரி ஆகியவை கண்ணுக்கானவை என்பது ஆய்வாளர் கருத்து.

ஆனால் கூர்மையான பார்வைக்கு இடமான விழித்திரையின் நடுப்பகுதி, அதாவது மேக்குலா, நீர் கோத்து வீங்குவதை அந்த மருத்துவர் கண்டறிய வழியில்லை. 1819இல் சென்னையில் தொடங்கி, பின்னர் எழும்பூருக்கு மாறிய அரசுக் கண் மருத்துவமனையின் முதல் தலைமுறைக்கும் அதே நிலைதான். 1851இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் விழியகநோக்கியை அறிவித்த பிறகே உயிருள்ள கண்ணின் உட்புறம் தெளிவாகத் தெரிந்தது. 1961இல் நோவோட்னியும் ஆல்விஸும் கையின் சிரையில் ஃபுளோரசின் சாயம் ஏற்றி விழித்திரையைப் படமெடுத்தார்கள். எந்த இரத்தக் குழாய் கசிகிறது என்பதும் தெரியவந்தது.

கசியும் இடத்தை லேசரால் சுடுவது அடுத்த படி. சர்க்கரை நோயால் மேக்குலா வீங்கியவர்களின் பார்வை இழப்பு அபாயத்தை அது ஏறக்குறையப் பாதியாகக் குறைப்பதாக 1985இல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. இழந்த பார்வையை அது மீட்டது அரிது. 1991இல் வந்த ஓ.சி.டி. ஸ்கேன் வீக்கத்தை மைக்ரான் கணக்கில் அளந்தது. 2005 முதல், புற்றுநோய்க்கான பெவாசிசுமாப் கண்ணுக்குள் ஊசியாகச் செலுத்தப்பட்டது. பார்வை திரும்பும் என்ற பேச்சுக்கு அது வலு சேர்த்தது. விலை குறைவு என்பதால் இந்தியாவில் அது பரவலாயிற்று.

சென்னையில் 1978இல் மருத்துவர் பத்ரிநாத் நிறுவிய சங்கர நேத்ராலயா, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களில் சர்க்கரை நோயாளிகளை ஆராய்ந்தது. அவர்களில் நூற்றுக்குச் சுமார் 10 பேருக்கு விழித்திரைப் பாதிப்பு இருந்தது. சென்னை நகரில் 18. நகரத்தைவிடக் குறைவு என்று ஆறுதல்பட முடியாது. கிராமத்துக்கு வரும் கண் பரிசோதனை வண்டி எடுக்கும் சாதாரணப் படத்தில் ஆழம் தெரியாது. நடுப்பகுதிக்கு அருகே படியும் மஞ்சள் கொழுப்பை வைத்து வீக்கத்தை ஊகிப்பதே வழி. உறுதிசெய்ய ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்குப் போகவேண்டும். ஊசியும் ஒன்றோடு முடிவதில்லை. தொடக்கத்தில் மாதந்தோறும் போடவேண்டும். கூலி வேலைக்காரருக்கு ஒவ்வொரு தடவையும் ஒருநாள் கூலியும், கூட வருபவரின் கூலியும் போகும்.